கிணற்றில் ஊறியது எண்ணெய்!

தோழனே!

கிணற்றில் நீர் ஊறக் கண்டிருக்கிறாய். எண்ணெய் மிதக்கக் கண்டதுண்டோ? நைஜீரியாவின் ஒகோனி மண்ணிலே அந்தக் கொடுமை நடந்தது! 1958-இல் அங்கே எண்ணெய் கண்டனர். வளம் வரும் என்றனர். வந்தது, ஆனால், ஏழையின் குடிசைக்கு அல்ல!

2011-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் ஆய்ந்து கூறியது: ஓகாலே பகுதியில் நிலத்தடி நீரின்மீது 8 சென்டிமீட்டர் எண்ணெய்ப் படலம்! ஊரார் பருகிய கிணற்றிலே, புற்றுநோய் விளைக்கும் பென்சீன், உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவைப்போல் 900 மடங்குக்கும் மேல்! குழாயில் கசிந்தது மண்ணில் இறங்கிற்று. மண்ணில் இறங்கியது குடத்தில் ஏறிற்று! முழுமையாய்ச் சீர்செய்ய 25 முதல் 30 ஆண்டுகள் ஆகுமாம்.

மண்ணுக்காக முன்பே முழங்கினார் எழுத்தாளர் கென் சரோ-விவா. கொலைப்பழி சுமத்தி, எண்மரோடு அவரை 1995 நவம்பர் 10-இல் தூக்கிலிட்டது இராணுவ ஆட்சி. குரல்வளையை நெரித்தனர், குரலை நெரிக்க முடிந்ததா? ஷெல் நிறுவனத்தின்மீது ஓகாலே மக்கள் தொடுத்த வழக்கு இங்கிலாந்திலேயே நடக்கலாம் என்று 2021-இல் பிரிட்டன் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எடுத்தவன் இலாபத்தோடு ஏகிவிட, குடித்தவன் நோயோடு கிடப்பதா நீதி? கெடுத்தவனே துடைக்கட்டும், அதற்கான பொருளைத் தோண்டுமுன்பே வைக்கட்டும்! எண்ணெயின்றி மனிதன் பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்தான். தண்ணீரின்றி?

எண்ணிப் பார், தோழனே!