ஐந்தாவது ஆண்டின் கட்டணம்

2020 பிப்ரவரியில் மயாமியில் நடந்த அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் போட்டியில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணி கோப்பையை வென்றது. அந்த அணியில் ஆடிய லோரான் துவெர்னே-தார்டிஃப், மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர். அடுத்த சில வாரங்களில் கொரோனா வந்தது. அவர் கியூபெக்கில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த ஆண்டின் பருவத்தில் ஆட வரமாட்டேன் என்று அறிவித்த முதல் என்எஃப்எல் வீரரும் அவர்தான். செய்தி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் வரை வந்தது. “மனசு வச்சா ரெண்டும் முடியும், பார்” என்று கீழே ஒரு மாமா எழுதியிருப்பார்.

மாமா சொன்னதில் பாதிதான் உண்மை. துவெர்னே-தார்டிஃபின் மனவுறுதியை யாரும் குறைத்துச் சொல்லப்போவதில்லை. ஆனால் 2014-ல் என்எஃப்எல் வீரர் தேர்வின் ஆறாவது சுற்றில், 200-வது ஆளாக அவர் தேர்வானபோது மருத்துவப் படிப்பு முடிந்திருக்கவில்லை. பட்டம் கைக்கு வந்தது 2018 மே மாதம். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆட்டமில்லாத மாதங்களில் மாண்ட்ரியலுக்குத் திரும்பி, விட்ட வார்டிலிருந்து தொடர்ந்தார். ஒரே மூச்சாகப் படித்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். இழுத்துக்கொண்டு போக மருத்துவத் துறை சம்மதித்தது. பயிற்சியாளர் ஆண்டி ரீடும் சம்மதித்தார். ரீடின் தாயார் அதே மெக்கிலில் மருத்துவம் படித்தவர் என்பதும் இங்கே சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது. இரண்டையும் செய்து முடித்தவர் ஒருவர்தான், வளைந்துகொடுத்தவர்கள் பலர்.

மாண்ட்ரியலுக்கு இது புதிதுமல்ல. 2025 செப்டம்பரில் மறைந்த கென் டிரைடன், கனேடியன்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பராக இருந்துகொண்டே மெக்கிலில் சட்டம் படித்தார். 1971-ல் வழக்கமான பருவத்தில் ஆறே ஆறு ஆட்டங்கள் ஆடியிருந்த நிலையில் பிளேஆஃபில் இறங்கி, ஸ்டான்லி கோப்பையையும் தொடரின் சிறந்த வீரர் விருதையும் வாங்கியவர். 1973-ல் சட்டப் பட்டம். அதே ஆண்டு சம்பளத் தகராறு வந்தபோது, ஒரு பருவம் முழுக்க ஆட்டத்தை விட்டுவிட்டு டொராண்டோவில் ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சிக்குப் போய்விட்டார். கையில் இன்னொரு தொழில் இருந்ததால்தான் முதலாளியிடம் “முடியாது” என்று சொல்ல முடிந்தது. படிப்பை ‘கீழே விழுந்தால் தாங்கும் வலை’ என்றே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். டிரைடனுக்கு அது பேரம் பேசும் பலமாகவும் இருந்தது. இந்தப் பக்கத்தை யாரும் சொல்வதில்லை.

இவர்கள் நட்சத்திரங்கள். அவர்களுக்காக எந்தக் கதவும் திறக்கும். மெக்கிலிலோ அதே நகரின் கான்கார்டியா பல்கலைக்கழகத்திலோ கூடைப்பந்து அணியின் பெஞ்சில் உட்காரும், பெயர் தெரியாத மாணவிக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. அங்கே விதிகளைப் பார்க்க வேண்டும்.

கனடாவின் பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் ‘யூ ஸ்போர்ட்ஸ்’ அமைப்பின் விதிப்படி ஒருவர் ஐந்து பருவங்கள் ஆடலாம். தொடர்ந்து ஆட, முந்தைய ஆண்டில் 18 கிரெடிட் தேறியிருக்க வேண்டும். வழக்கமான ஆண்டுச் சுமை 30 கிரெடிட். கியூபெக்கில் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே ‘சீஜெப்’ என்ற கல்லூரிக் கட்டம் இருப்பதால், அதை முடித்து வருபவருக்குப் பட்டப்படிப்பு மூன்றாண்டு, 90 கிரெடிட். பதினெட்டை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள், சரியாகத் தொண்ணூறு. தற்செயலாகவே இருக்கட்டும். மூன்றாண்டுப் படிப்பை ஐந்தாண்டாக விரித்துக்கொண்டு, ஒரு பாடத்திலும் தோற்காமல், ஒரு பருவமும் தவறாமல் ஆட அந்த விதிக்குள் இடம் இருக்கிறது. முழுநேர மாணவர் என்ற தகுதியை விடாமல் வைத்துக்கொள்ள நினைப்பவர் ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்து நான்காண்டில் முடிப்பார். அதுவும் மோசமில்லை.

ஆனால் பெருமையாக விளம்பரம் செய்யப்படுவது இந்த அவகாசமல்ல, மதிப்பெண். அணியில் ஆடிக்கொண்டே 80 சதவீதத்துக்கு ஒப்பான சராசரி எடுப்பவர்களுக்கு ‘அகாடமிக் ஆல்-கனேடியன்’ என்ற கௌரவம் உண்டு. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் எண்ணிக்கையைச் சொல்லிக்கொள்ளும். எந்தப் பாடத்தில் 80 என்று அந்தப் பட்டியலிடம் கேட்கத் தோன்றுகிறது. பயிற்சி பிற்பகலில் என்றால், பிற்பகலில் லேப் வைத்திருக்கும் பொறியியலும் செவிலியர் படிப்பும் தானாகவே பல வீரர்களின் தேர்விலிருந்து விழுந்துவிடும். மதிப்பெண் குறையாது, படிப்புதான் மாறிப்போகும். சராசரியைக் காட்டுவதைவிட, எந்தத் துறையில் எத்தனை வீரர்கள் இருக்கிறார்கள் என்று காட்டினால் உண்மை வெளியே வரும்.

மதிப்பெண்ணை மட்டும் காவல் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எல்லைக்குத் தெற்கே பாடம் இருக்கிறது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1993 முதல் 2011 வரை வகுப்பே நடக்காத, பெயருக்கு ஒரு கட்டுரை கொடுத்தால் போதுமான பாடங்கள் ஓடின. அவற்றில் சேர்ந்தவர்கள் சுமார் 3,100 பேர், அதில் ஏறக்குறையப் பாதி விளையாட்டு வீரர்கள் என்று 2014-ல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது. இப்போது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். 2025 ஜூலையில் தொடங்கிய அந்த ஏற்பாட்டில், முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடி டாலர். கனடாவில் விளையாட்டு உதவித்தொகை, படிப்புக் கட்டணத்தையும் கட்டாயக் கட்டணங்களையும் தாண்டக் கூடாது. கியூபெக் வாசிக்குப் படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 டாலர்தான் என்பதால் உதவித்தொகையும் சிறியது. வீட்டு வாடகைக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் படிப்பை நான்கு, ஐந்தாண்டுக்கு நீட்டுவதைச் சாத்தியமாக்குவது இந்தக் குறைந்த கட்டணமே. வெளிநாட்டிலிருந்து வந்து பல மடங்கு கட்டணம் கட்டும் மாணவருக்கு அதே விதி வெறும் காகிதம்.

ஓரிடத்தில் மட்டும் படிப்பா ஆட்டமா என்ற வரிசை தெளிவாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கால்பந்தின் அமெரிக்க, கனேடிய வடிவங்களிலும் ஐஸ் ஹாக்கியிலும் தலையில் அடிபடுவது சகஜம். முழங்காலில் அடிபட்டவர் படுத்துக்கொண்டே பரீட்சைக்குப் படிக்கலாம். மூளை அதிர்ந்தவருக்கு அரைமணி நேரம் கணினித் திரையைப் பார்த்தாலே தலை சுற்றும். அப்படிப்பட்ட மாணவர் வகுப்புக்கு முழுமையாகத் திரும்பிய பிறகே ஆடுகளத்துக்குத் திரும்ப வேண்டும் என்கிறது 2017-ல் கனடாவில் வெளியான வழிகாட்டு நெறி. மற்ற விஷயங்களிலும் இவ்வளவு தெளிவு இருந்தால் நன்றாக இருக்கும்.

மாண்ட்ரியலின் கோத்-தே-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிகளில் தமிழர்கள், பெரும்பாலும் ஈழத்தவர்கள், பல்லாண்டுகளாக வாழ்கிறார்கள். கோத்-தே-நேஜ் பக்கத்திலேயே மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் மைதானமும் இருக்கிறது. அதன் கராபென்ஸ் அணி, 2002-ல் கனேடியக் கால்பந்தை மீண்டும் தொடங்கி, 2014-லும் 2023-லும் தேசியக் கோப்பையை வென்றது. காலையில் பாடம், மதியம் பயிற்சி என்று நாளைப் பிரித்துத் தரும் ‘ஸ்போர்-எதூத்’ பள்ளித் திட்டமும் கியூபெக்கில் உண்டு. பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு திறந்தேயிருக்கிறது. ஆனால் வீட்டில் எழும் பதில் பழையதுதான்: “பிள்ளையின்ர படிப்பு குழம்பிப் போகும்.” இதை அறியாமை என்று தள்ளிவிட மாட்டேன். மகனோ மகளோ வேலைக்குப் போகும் நாளை எண்ணிக்கொண்டு கடனில் வீடு வாங்கிய குடும்பத்துக்கு, கூடுதலாக ஓராண்டு என்பது ஓராண்டுச் சம்பளம்.

தமிழ்நாட்டிலும் அந்தப் பயம்தான். நமக்குத் தெரிந்தவை இரண்டே கதைகள். ஒன்று, கிண்டியில் பொறியியல் படித்த கிரிக்கெட் வீரர்கள் வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும், எஸ்.எஸ்.என். கல்லூரியில் பி.டெக். முடித்த அஸ்வினும். இன்னொன்று, நான்காம் வகுப்போடு வழக்கமான பள்ளியை நிறுத்திக்கொண்டு, 18 வயதில் செஸ் உலக சாம்பியனான குகேஷ். முதல் கதையைச் சொல்லி ‘ரெண்டும் முடியும்’ என்கிறோம். இரண்டாவதைச் சொல்லி ‘ஒன்றை விட்டால்தான் முடியும்’ என்கிறோம். கபடியும் தடகளமும் ஆடும் ஆயிரக்கணக்கானவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு நாம் கொடுப்பது நுழைவு. பொறியியல் கவுன்சலிங்கில் விளையாட்டு ஒதுக்கீடாக 500 இடங்கள் உண்டு. சான்றிதழ்களை எடைபோட்டு இடம் தருகிறோம். உள்ளே போன மறுநாளிலிருந்து அந்த மாணவரும் மற்றவர்களும் ஒன்று. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும், போட்டிக்குப் போனதைக் காட்டினால் 65 வரை விட்டுக்கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஓ.டி. (ஆன் டியூட்டி) படிவத்தோடு துறைத் தலைவர் அறை வாசலில் நிற்க வேண்டும். நழுவிய லேப் நழுவியதுதான். வருகைக் கணக்கு ஈடாகிறது, பாடம் ஈடாவதில்லை. இரண்டாம் ஆண்டில் பலர் ஷூவைக் கழற்றி வைத்துவிடுவதற்குச் சோம்பலைக் காரணம் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் நான்காண்டுப் பொறியியல் படிப்பை முடிக்க நம் விதியும் 14 செமஸ்டர், அதாவது ஏழாண்டு வரை இடம் கொடுக்கிறது. அந்தக் காலம் இப்போது அரியர் வைத்தவர்களுக்கு மட்டும் பயன்படுகிறது. தேசிய முகாமுக்குப் போகும் மாணவி, சேரும்போதே “நான் ஐந்தாண்டில் முடிக்கிறேன், செமஸ்டருக்கு இத்தனை பாடம்” என்று எழுதிக் கொடுத்து அதைக் கல்லூரி ஏற்க வழியிருந்தால் போதும், புதிதாக ஒரு செமஸ்டரும் சேர்க்க வேண்டாம். எழும் சிக்கல் பணம். அரசுக் கல்லூரியில் அந்த ஐந்தாவது ஆண்டின் கட்டணமும் விடுதிச் செலவும் தாங்கக்கூடியவை. ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரிக்குப் போனவர், படிக்கும் பாடங்களுக்கு மட்டும் கட்டணம் கட்டுவாரா, முழு ஆண்டுக்கும் கட்டுவாரா? முதல் பட்டதாரிச் சலுகையும் கல்வி உதவித்தொகையும் ஐந்தாம் ஆண்டுக்கும் நீளுமா? உயர்கல்வித் துறையும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதற்குப் பதில் எழுத வேண்டும். ஒதுக்கீட்டு இடங்களின் எண்ணிக்கையைக் கூட்டும் பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.