துண்டும் டிஷ்யூவும்

எங்கள் லால்பேட்டையில் தெருவுக்குப் பத்து சபுராளி இருப்பார்கள். அதனால் நான் ஒரு வாரம் சிங்கப்பூர் போய் வந்ததை யாரும் ஒரு சங்கதியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது அக்கா மட்டும், "புள்ள எப்படி இருக்கான்னு கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுடா" என்றாள். அக்கா மகனுக்கு அங்கே கட்டட வேலை.

காட்டுமன்னார்கோயில் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியே துண்டு போட்டு ஸீட் பிடித்து வளர்ந்தவன் நான். முட்டி மோதி ஏறிப் பார்த்தால் துண்டு கம்பியில் தொங்கும். ஸீட்டில் வேறொரு ஆசாமி உட்கார்ந்து வயலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். சிங்கப்பூரில் துண்டுக்குப் பதில் டிஷ்யூ பாக்கெட். சாப்பாட்டுக் கடை மேஜையில் அதை வைத்துவிட்டு வரிசையில் நிற்கப் போய்விடுகிறார்கள். 'சோப்' என்று பெயர். ஒரு பயல் தொடுவதில்லை ஸார்! இத்தனைக்கும் இதற்குச் சட்டம் கிடையாது. (சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காமல் போனால்தான் வம்பு. 2021-லிருந்து அபராதம் வரை போகும்.)

சூயிங்கம் விற்க 1992-ல் தடை போட்டார்கள். மென்றதை ரயில் கதவு சென்ஸாரில் ஒட்டிவைத்து ரயிலையே நிறுத்திய புண்ணியவான்கள் அதற்கு ஒரு காரணம். வெற்றிலைக் கொடிக்கால் ஊர்க்காரனுக்கு வயிற்றைக் கலக்காதா? தேக்காவில் விசாரித்தேன். வெற்றிலை தாராளமாகக் கிடைக்கிறது. துப்பத்தான் இடமில்லை. முழுங்கிவிட்டேன்.

நம்மவர்களைத் தேடி தேக்காவுக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. சைனாடவுன் நடுவில், ஒரே சாலையில், 1826-ல் சூலியா முஸ்லிம்கள் தொடங்கிய ஜாமியா பள்ளி. சில எட்டில் 1827-ல் நாராயண பிள்ளை தொடங்கிய மாரியம்மன் கோயில். பக்கத்துச் சந்துகளுக்கு மாஸ்க் ஸ்ட்ரீட், பகோடா ஸ்ட்ரீட் என்றே பெயர். நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்து ஆட்கள் அப்போதே கப்பல் ஏறி வந்திருக்கிறார்கள்.

கடைசி நாள் மருமகன் டாக்ஸியில் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போனான். "மாமா, பெல்ட்டைப் போடுங்க. பின் ஸீட்டுக்கும் கட்டாயம். இல்லேன்னா ஃபைன்."

போட்டுக்கொண்டேன். பக்கத்தில் ஒரு லாரி வந்தது. பின்னால் சரக்கு ஏற்றும் தட்டில் இருபது பேர் போல, பலகையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நம்ம ஊர் முகம். ஒரு பையன் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"இவங்களுக்கு பெல்ட்?"

"அது சரக்கு லாரி மாமா. வேலையாளுங்கள ஏத்திட்டுப் போக சட்டத்துல எடம் இருக்கு."

"நீ எதுல போறே?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "அதுலதான். அம்மாகிட்ட சொல்லாதீங்க."

வீட்டுக்குள் நுழைந்து பெட்டியைக்கூட வைக்கவில்லை. "வேலைக்கு எப்படிடா போறான்? பஸ்ஸா?" என்றாள் அக்கா.

"கம்பெனி வண்டிக்கா. வாசலுக்கே வருது" என்றேன். அப்புறம் டிஷ்யூ கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.