பணம் கட்டும்போது பயணி, இடம் கேட்டால் கைக்குழந்தை

டிசம்பர் பிறந்தால் மாலத்தீவில் மழை ஓய்ந்து, ஏப்ரல் வரை வானம் தெளிவாக இருக்கும். அங்கே போய் இறங்கியதும் தங்க அனுமதியைக் கட்டணமில்லாமல் தருகிறார்கள். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியச் சுற்றுலாப் பயணிகளிடம் விசா கேட்பதில்லை. இலங்கையின் கிழக்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை வெயிலும் அமைதியான கடலும்; பாசிக்குடாவில் கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் ஆழம் வராது. யாழ்ப்பாணம் சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் அங்கே விமானம் விட்டார்கள். காரைநகர் கசூரினா கடற்கரையில் அலை அடங்கிய கடல். குளிக்கவே தடை உள்ள மெரினாவைப் பார்த்து வளர்கிற சென்னைக் குழந்தை, கணுக்காலளவு தண்ணீரில் உட்கார்ந்து மணலை அளைய இப்படி எத்தனையோ இடங்கள் அருகிலேயே இருக்கின்றன.

நடுத்தரக் குடும்பங்களும் இப்போது துணிந்து திட்டமிடுகின்றன. பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்குவதற்குள், கூட்டமில்லாத மாதமாகப் பார்த்து, கட்டணம் குறைந்த நாளில் போய்வந்துவிடலாம் என்பது நல்ல கணக்குதான். ஆனால் கணக்கு இடறுவது பெரும்பாலும் நம் வாசலிலேயே. படிவம் நிரப்பும்போதும் பணம் கட்டும்போதும் ஒன்றரை வயதுப் பிள்ளையும் ஒரு பயணி. இருக்கை, வரிசை, கழிப்பறை என்று வரும்போது அந்தப் பிள்ளை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

முதல் முடிச்சு பிறப்புச் சான்றிதழில் விழுகிறது. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க, பிறந்த தேதிக்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழை மட்டுமே ஏற்கிறார்கள். ஆதார் அட்டையோ வேறு எதுவுமோ செல்லாது. நம் ஊர் வழக்கம் இந்த விதியோடு பொருந்தாமல் நிற்கிறது. மருத்துவமனை 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிடும். பெயரோ நட்சத்திரம் பார்த்து, தாத்தா பாட்டியைக் கேட்டு, சில வீடுகளில் குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தும்போதுதான் முடிவாகும். அதுவரை சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாகவே கிடக்கும். ஓராண்டுக்குள் போனால் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதன்பிறகு 15 ஆண்டு வரை 200 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். தொகை பெரிதில்லை. இதை வேளையோடு யாரும் எடுத்துச் சொல்லாததுதான் குறை.

விமான டிக்கெட் போட்டு, தங்கும் விடுதிக்கும் முன்பணம் கட்டிவிட்டு, பாஸ்போர்ட் சேவை மையத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. உடனே பிறந்த ஊர்ப் பதிவாளரைத் தேடி ஓட்டம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். குழந்தை பிறந்தது தென்காசியாகவோ அறந்தாங்கியாகவோ இருக்கும், குடும்பம் இருப்பது ஓசூரிலோ ஆவடியிலோ. அவசரத்தில் சேர்க்கிற பெயரில் ஓர் எழுத்து பிசகினால் அதைத் திருத்த இன்னொரு அலைச்சல்.

இதற்குத் தீர்வு நம் மாநில அரசின் கையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறப்பு இறப்புத் தலைமைப் பதிவாளராக இருப்பவர் பொது சுகாதாரத் துறை இயக்குநர். ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடுகிற ஆரம்ப சுகாதார நிலையங்களும் அதே துறையில்தான் வருகின்றன. அம்மா, குழந்தை இருவரையும் கர்ப்ப காலத்திலிருந்தே ஓர் அடையாள எண்ணில் பின்தொடர்கிற கணினிப் பதிவும் அங்கே ஏற்கெனவே உண்டு. ஊசி போடும் நாளன்று பெயர் பதிந்தாயிற்றா என்று செவிலியர் கேட்கட்டும். பதியவில்லை என்றால் அங்கேயே படிவத்தை வாங்கி, ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பெற்றோரிடம் ஒருமுறை படித்துக் காட்டி, பதிவாளருக்கு அனுப்பட்டும். ஓராண்டுக் கெடு முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கும்போதே வேலை முடிந்துவிடும். தனியார் குழந்தை மருத்துவமனைகளுக்கும் இதையே ஒரு சுற்றறிக்கையாக அனுப்பலாம். புதுச் சட்டமோ புது அலுவலகமோ தேவையில்லை.

அடுத்த சிக்கல், பெயரை எழுதுகிற விதத்தில். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டுவிடும் பெற்றோர் ஏராளம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தபோது எத்தனை தமிழ்க் குடும்பங்கள் கலங்கின! கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று சில நாளில் விளக்கம் வந்தது. அது ஒரு நாட்டின் விளக்கம். எந்த நாடு எப்போது என்ன கேட்கும் என்று யார் கண்டது? குழந்தைக்குப் புதிதாக எடுக்கும்போதே இனிஷியலை விரித்து, அப்பா பெயரையோ அம்மா பெயரையோ சர்நேம் கட்டத்தில் எழுதலாம் என்று கவுன்டரில் ஒரு வரி சொன்னால் போதும். எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பாஸ்போர்ட் கட்டணத்தில் 10 சதவீதம் குறைத்த வெளியுறவு அமைச்சகத்துக்கு இதுவும் முடியும். தமிழில் அச்சடித்த ஓர் அட்டையை மையங்களின் வாசலில் ஒட்டினாலே பாதிப் பேர் தப்பிப்பார்கள்.

இந்த இடத்தில் வளைகுடாவிலும் மலேசியாவிலும் அப்பாக்கள் வேலை பார்க்கிற வீடுகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ராமநாதபுரத்திலும் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமும் வெளிநாட்டுச் சுற்றுலா என்றாலே பல நேரம் பிள்ளையை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டும் பயணம்தான். குழந்தையின் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், அவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போய்ச் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். குழந்தையை ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்கான விதி இது; அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் தூதரகம் வேலை செய்கிற நாளில்தான் கட்டுமான வேலைக்காரருக்கும் வேலை. ஒருநாள் கூலியை விட்டு, பல மணி நேரப் பயணம் செய்து அவர் போகிறார். அவருடைய பாஸ்போர்ட் விவரமும் புகைப்படமும் கைரேகையும் வெளியுறவு அமைச்சகத்தின் கணினியில் இருக்கின்றன. காணொளி மூலம் அவரை அடையாளம் கண்டு, சம்மதத்தை அங்கேயே பதிவுசெய்ய ஒரு வழி திறந்தால் விதியின் நோக்கமும் கெடாது, அவருடைய கூலியும் போகாது.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் டிக்கெட். இரண்டு வயது நிறையாத பிள்ளை பெற்றோர் மடியில் போகலாம். சர்வதேசப் பயணங்களில் பெரியவர் கட்டணத்தில் சுமார் 10 சதவீதம் வாங்குவது பல நிறுவனங்களின் வழக்கம். மலிவுக் கட்டண நிறுவனங்கள் ஒரு நிலையான தொகையைப் போடும். இரண்டு நிறைந்துவிட்டால் தனி இருக்கை, கிட்டத்தட்ட பெரியவர் கட்டணம். வயதைப் பயணம் செய்யும் நாளில்தான் கணக்கிடுவார்கள். போகும்போது இரண்டுக்குள் இருந்த பிள்ளைக்குத் திரும்பி வருவதற்குள் பிறந்த நாள் வந்துவிட்டால், வரும் பயணத்துக்கு இருக்கை வாங்கியே ஆக வேண்டும். நடக்கத் தெரிந்த பிள்ளையை நாலு மணி நேரம் மடியில் பிடித்துவைப்பது பாதுகாப்பும் இல்லை, ஆகவே விதியைக் குறைசொல்ல மாட்டேன். பிறந்த தேதியை நிரப்பிய உடனே முன்பதிவுத் திரையில் இதற்கு ஓர் எச்சரிக்கை வர வேண்டும். கோலாலம்பூர் விமான நிலையத்தில், திரும்பும் நாள் காலையில், அன்றைய விலையில் இருக்கை வாங்கச் சொல்வது கொடுமை.

இருக்கைக்கு ஏற்கெனவே நல்ல விதி ஒன்று இருக்கிறது. 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே முன்பதிவில் பயணம் செய்யும் பெற்றோரிலோ பாதுகாவலரிலோ ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும், அதற்குப் பதிவும் வைத்திருக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம் 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? இணையத்தில் செக்-இன் செய்யும்போது திரையில் வருவது இருக்கைக்குப் பணம் கேட்கும் பக்கம்தான். பிள்ளை எங்கோ தனியாக மாட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். விதி இருக்கிறது என்பதை அந்தப் பக்கத்திலேயே சொல்ல நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த வேண்டும். குழந்தை இருக்கும் முன்பதிவு என்றால், பணம் கேட்பதற்கு முன்பே பக்கத்துப் பக்கத்து இருக்கையைக் கணினி ஒதுக்கிவிட வேண்டும். உரிமை தெரியாதவர் அதைக் காசு கொடுத்து வாங்கும் நிலை தொடர்ந்தால் உத்தரவுக்கு என்ன மதிப்பு?

விமான நிலையத்துக்கு வருவோம். நம் ஊர்களிலிருந்து கிளம்பும் வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலும் பறக்கின்றன. நேரத்தை மாற்றுவது லேசில்லை, அதை விட்டுவிடுகிறேன். அந்த நேரத்தில் தூக்கம் கலைந்து அழுகிற பிள்ளையோடு ஒருவர் எப்படி நிற்கிறார் என்பதுதான் கேள்வி. பை சோதனை வரிசை, குடியேற்றச் சோதனை வரிசை, ஏறும் வாயில் வரிசை. ஒவ்வொன்றிலும் குழந்தையோடு வருபவர்களை முன்னே அனுப்புவது அங்கிருக்கும் ஊழியரின் மனசைப் பொறுத்ததாக இருக்கிறது. பல ஊழியர்கள் தாமாகவே கூப்பிட்டு அனுப்புகிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் யார் பணியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து மாறுகிற சலுகையை நம்பி எந்தத் தாயும் திட்டமிட முடியாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோடு வருபவர்களுக்கு ஒரு வரிசை என்று பலகை வைக்கட்டும்.

குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் ஸ்ட்ரோலர் விஷயம் இன்னும் மோசம். பெரும்பாலான நிறுவனங்கள் அதைக் கட்டணமில்லாமல் ஏற்றுக்கொள்கின்றன. எங்கே திருப்பித் தருவார்கள் என்பதுதான் யாருக்கும் தெரியாத ரகசியம். என் மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பியபோது, விமானத்தின் கதவருகே மடித்து வாங்கிக்கொண்டார்கள். இறங்கும்போது அங்கே இல்லை. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தோளில் போட்டு, இன்னொரு கையில் பையோடு, குடியேற்ற வரிசை முழுவதும் நின்று, கடைசியில் பெட்டிகள் சுற்றிவரும் பட்டையில்தான் அது வந்தது, ஒரு சக்கரம் உடைந்து. தனியாகப் பிள்ளையோடு வருகிற தாயின் நிலை என்ன? பிரசவத்தில் தையல் போட்டவர், முதுகுவலி உள்ளவர் நிலை என்ன? கதவருகே வாங்கியதைக் கதவருகே தர வேண்டும், சேதமானால் ஈடு தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதியாகவே எழுத வேண்டும். சக்கர நாற்காலியை முறையாகக் கொண்டுவந்து தரத் தெரிந்தவர்களுக்கு இதுவும் செய்யத் தெரியும்.

தாய்ப்பால் ஊட்டும் அறைகளைத் தமிழ்நாடு 2015-லேயே பேருந்து நிலையங்களில் திறந்த மாநிலம். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும், பொது இடங்களில் பாலூட்டும் அறையும் குழந்தைப் பராமரிப்பு வசதியும் வேண்டும் என்பதை அரசமைப்புச் சட்டம் தரும் வாழ்வுரிமையோடு சேர்த்துச் சொன்னது. திருச்சியில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, ஆண்டுக்கு 44 லட்சம் பேர் வந்துபோகும்படி புது விமான நிலைய முனையம் கட்டத் தெரிந்த நாடு நாம். ஆண்கள் கழிப்பறையில் டயப்பர் மாற்ற ஒரு மடக்குப் பலகையை மட்டும் ஏன் தேடியலைய வேண்டியிருக்கிறது? பிள்ளையை அப்பா சுத்தம் செய்ய மாட்டார் என்று யார் முடிவு செய்தது? ஆண், பெண் இரு பக்கமும் பலகை, பை சோதனைக்கு முன்னும் பின்னும் ஓர் அறை, அதில் நள்ளிரவிலும் வெந்நீர். குழந்தைக்கான பாலையும் உணவையும் 100 மில்லி கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியிருக்கிறார்கள். அந்த விலக்கைச் சோதனை மேசைக்கு மேலே தமிழில் எழுதிவைத்தால், சத்துமாவுக் கஞ்சி இருக்கும் ஃப்ளாஸ்க்கைக் காட்டிப் பாட்டிகள் மன்றாட வேண்டியிருக்காது.

போகிற நாட்டின் மின்னணு வருகை அட்டை பற்றியும் சொல்ல வேண்டும். மலேசியா, தாய்லாந்து, மாலத்தீவு மூன்றுமே இதைக் கேட்கின்றன. கைக்குழந்தைக்கும் தனியாக நிரப்ப வேண்டும், பயணத்துக்கு மூன்று நான்கு நாளுக்குள்தான் நிரப்ப முடியும். மூன்றுக்கும் கட்டணம் கிடையாது. ஆனால் தேடினால் அரசுத் தளம் போலவே வேடம் போட்ட தளங்கள் முன்னே வந்து ஆளுக்கு இவ்வளவு என்று பணம் பறிக்கின்றன. டிக்கெட் விற்கிற நிறுவனம் போர்டிங் பாஸ் அனுப்பும்போது, சரியான தளத்தின் முகவரியையும் கட்டணம் இல்லை என்ற செய்தியையும் தமிழில் சேர்த்து அனுப்பலாம். பிள்ளை பெயரில் டிக்கெட் விற்றவருக்கு இந்தப் பொறுப்பும் உண்டு.

பெற்றோரும் வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடக் கூடாது. விமான நிலையம், விமான நிறுவனம், பாதுகாப்புச் சோதனை என்று எதைப் பற்றிய குறையையும் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் பதியலாம். பயண எண், நாள், நேரம், முடிந்தால் புகைப்படம். பிறப்புச் சான்றிதழ் தாமதத்தை முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கும், பாஸ்போர்ட் குறைகளைச் சென்னை, மதுரை, திருச்சி, கோவை மண்டல அலுவலகங்களுக்கும் எழுதலாம். பக்கத்துப் பக்கத்து இருக்கை மறுக்கப்பட்டிருந்தால் 2024 ஏப்ரல் உத்தரவைக் குறிப்பிட்டே எழுதுங்கள், கட்டிய பணத்தைத் திருப்பியும் கேளுங்கள்.