கடைக் கதவுக்கு வெளியே யார் பொறுப்பு?

புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர்கள் எல்லோரிடமும் ஓர் ஏற்பாடு உண்டு. கடைக்குள்ளே கெமரா, இரவுக்குக் காவலாளி, இரும்புக் கதவுக்கு இரண்டு பூட்டு. ஆனால் கதவுக்கு வெளியே யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவர் மாநகர சபையைக் காட்டுவார், இன்னொருவர் பொலிஸைக் காட்டுவார். வாடிக்கையாளரோ யாரும் பொறுப்பேற்காத அந்த வீதியைத் தாண்டித்தான் நமது கடைக்கு வரவேண்டியிருக்கிறது.

அந்த வீதியின் நிலை உங்களுக்குத் தெரியாததல்ல. சாமான் இறக்கும் லொறி ஒரு பக்கம், நாட்டாமிமாரின் கைவண்டி மறு பக்கம், நடுவில் நாமே வீசிய அட்டைப்பெட்டிகள். பெருநாள் காலத்தில் நெரிசலைப் பயன்படுத்திக் கைவரிசை காட்டும் பிக்பொக்கட்காரர்கள் வேறு. பாதுகாப்பு என்பது கள்வனைப் பிடிப்பது மட்டுமல்ல. 2023 ஒக்டோபரில் இரண்டாம் குறுக்குத் தெருவில் பற்றிய தீயை நாம் மறந்துவிடக் கூடாது. தீயணைப்பு வண்டிக்கு வழி விட்டு வைப்பதும் பாதுகாப்புத்தான்.

இன்று வாடிக்கையாளருக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. 2018இல் கொழும்பு சிட்டி சென்டரும் 2019இல் வன் கோல்பேஸும் திறக்கப்பட்டன. அங்கே வாகனம் நிறுத்த இடமுண்டு, கழிவறை உண்டு, காவலாளி உண்டு. விலையில் நம்மோடு போட்டி போட முடியாதவர்கள், பெண்களும் பிள்ளைகளும் நிம்மதியாக நடந்து திரியும் வசதியைக் காட்டி நமது வாடிக்கையாளரை இழுக்கிறார்கள்.

இதே பிரச்சினை கனடாவின் டொரொன்டோ நகரில் புளோர் வெஸ்ட் விலேஜ் என்ற கடைத்தெருவுக்கும் வந்தது. நிலக்கீழ் ரயிலும் புதிய பேரங்காடிகளும் வந்ததும் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்தது. 1970இல் அவ்வியாபாரிகள் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அத்தெருவின் வர்த்தகக் கட்டடங்கள் எல்லாவற்றிடமும் ஆதன வரியோடு ஒரு மேலதிகத் தொகையை நகர சபை அறவிடும். அதை வியாபாரிகளின் சபையிடமே கொடுத்துவிடும். அந்தப் பணம் அந்தத் தெருவுக்கு மட்டுமே செலவாகும். இன்று பல நாடுகளில் இருக்கும் வர்த்தக மேம்பாட்டு வலயங்களுக்கு அதுவே ஆரம்பம்.

கட்டாய அறவீடு எதற்கு, விரும்பியவர்கள் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். எங்கள் வீதியில் அதையும் செய்து பார்த்தோம். இரவுக் காவலுக்கென்று மாதாந்தம் காசு சேர்த்தோம். பத்துப் பேர் கொடுத்தார்கள், முப்பது பேர் பயனடைந்தார்கள். மூன்றாம் மாதம் அந்தப் பத்துப் பேரும் கையை மடக்கிக்கொண்டார்கள், காவலும் நின்றது. எல்லோரும் கொடுத்தால்தான் எவருக்கும் பாரமில்லை.

தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகர மையத்தில் 2000ஆம் ஆண்டு முதல் இத்தகைய வலயம் இயங்குகிறது. மாநகர சபை தனது வேலையைச் செய்கிறது. அதற்கு மேலதிகமாக வலயத்தின் சொந்தக் காவலர்கள் ரோந்து செல்கிறார்கள், துப்புரவு நடக்கிறது, தெருவில் உறங்குவோருக்கு உதவச் சமூக சேவையாளர்களும் இருக்கிறார்கள். நியூயோர்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 1992இல் தொடங்கிய வலயத்தின் காவலர்கள் ஆயுதம் ஏந்துவதில்லை. வழி கேட்போருக்கு வழி சொல்வதும் அவர்களது கடமை.

ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. காசு கொடுப்பவர் தெருவுக்கே சொந்தக்காரராகி விடுவார். 1990களில் நியூயோர்க்கின் கிராண்ட் சென்ட்ரல் வலய ஊழியர்கள், வீடற்றவர்களை அடித்து விரட்டியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஒருவரது உடையையும் தோற்றத்தையும் பார்த்துச் சந்தேகிப்பது எவ்வளவு கசப்பானது என்பதை 2019 ஏப்ரலுக்குப் பிறகு நமது சமூகத்துக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கசப்பை, நாம் சம்பளம் கொடுக்கும் காவலாளி இன்னொரு ஏழைக்குக் கொடுக்கக் கூடாது. அவர் அவதானிக்கலாம், உதவலாம், பொலிஸை அழைக்கலாம். அடிக்கவும் தடுத்து வைக்கவும் அவருக்கு உரிமை இல்லை.

நடைபாதை வியாபாரிகளின் விடயமும் இதுதான். அவர்களை விரட்டினால் தெரு சரியாகிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2014இல் பேரை வாவியில் மிதக்கும் சந்தை அமைத்து அவர்களில் ஒரு பகுதியினருக்கு இடம் கொடுத்தார்கள். வாங்குவோர் அந்தப் பக்கம் போதியளவு வரவில்லை, காலப்போக்கில் பல கடைகள் மூடப்பட்டன. சனம் நடக்கும் இடத்தில்தான் நடைபாதை வியாபாரம் நடக்கும். இன்று பெரிய கடை வைத்திருக்கும் எத்தனையோ குடும்பங்களின் முதல் வியாபாரம் தரையில் விரித்த சாக்கில்தான் நடந்தது. அவர்களுக்குக் கோடு போட்ட இடம், இலக்கம், நேரம், சிறு கட்டணம் என்று ஒழுங்கு செய்யலாம். கட்டணம் வாங்கினால் சபையிலும் ஓர் ஆசனம் கொடுக்க வேண்டும்.

வாடகைக்காரரின் நிலையையும் யோசிக்க வேண்டும். வரி கட்டடச் சொந்தக்காரருக்கு வந்தாலும் அது வாடகையில் ஏறி நமது தலையில்தான் விழும். டொரொன்டோவில் சொந்தக்காரரோடு வாடகைக்கு இருக்கும் வியாபாரியும் அங்கத்தவரே. அது இங்கும் வேண்டும். சேரும் பணம் ஓர் அமானிதம். மாதாந்தக் கணக்கு ஒவ்வொரு கடையிலும் பார்வைக்கு இருக்க வேண்டும். நாம் கொடுக்கிறோம் என்பதற்காக மாநகர சபை தனது குப்பை லொறியை நிறுத்திக்கொள்ளவும் இடமளிக்கக் கூடாது. சபை செய்ய வேண்டியவை எவை என்பதை முதலிலேயே எழுத்தில் பெற வேண்டும்.

முழுப் புறக்கோட்டைக்கும் ஒரே நாளில் இது ஆகாது. ஒரு குறுக்குத் தெருவைத் தெரிவு செய்வோம். சாமான் இறக்கும் நேரம், தீயணைப்பு வண்டிக்கான வழி, குப்பை வைக்கும் நேரம், நடைபாதை வியாபாரிகளின் இடம், இரவுக் காவல் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, தெருவின் பெரும்பான்மைக் கடைக்காரர்களின் கையொப்பத்தோடு மாநகர சபையிடம் போவோம். ஆளுக்கொரு மனுவோடு போய் இதுவரை நாம் பெற்றது எதுவுமில்லை. தெருவாகச் சேர்ந்து போனால் நம்மை இலகுவில் திருப்பி அனுப்ப முடியாது.