எடை குறையுது சரி... எது குறையுதுன்னு பார்த்தீங்களா?

``அந்த ஊசி என்ன விலை? எந்த டாக்டர் எழுதித் தர்றார்?'' - கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து ஆபீஸ் கேன்டீன் வரைக்கும் இப்போ அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. பேலியோ, கீட்டோ, இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்ட்டிங் என்று போய்க்கொண்டிருந்த எடைக்குறைப்புப் பேச்சு, கடந்த ஒன்றரை வருடத்தில் மொத்தமாக ஊசி பக்கம் திரும்பிவிட்டது.

2025 மார்ச்சில் எலி லில்லி நிறுவனம் `மௌன்ஜாரோ'வை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. ஆரம்ப டோஸான 2.5 மில்லிகிராம் வயல் ஒன்றின் அறிமுக விலை 3,500 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதத்துக்கு 14,000 ரூபாய். அதே ஆண்டு ஜூனில் நோவோ நார்டிஸ்க்கின் `வீகோவி' வந்தது. சில மாதங்களிலேயே அதன் விலையும் இறங்கியது. வீகோவியில் இருக்கும் செமாக்ளூடைடு மருந்தின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச்சோடு முடிவு. உள்ளூர் மருந்து நிறுவனங்கள் பலவும் அந்தத் தேதிக்காகவே தயாராகிக் காத்திருந்தன. அதாவது, பணக்காரர்களின் ஊசியாக வந்தது, நடுத்தரக் குடும்பத்தின் மருந்துச் சீட்டுக்கும் வந்து சேரும் காலம் இது.

மருந்து வேலை செய்கிறதா என்பதில் இப்போது பெரிய சந்தேகம் இல்லை. வேலை செய்கிறது. ஆனால் எடை மெஷினில் 10 கிலோ குறைந்தால், அந்த 10 கிலோவும் கொழுப்புதானா? இந்தக் கேள்விக்கான பதில், ஊசி போடுபவர்களுக்கு மட்டுமல்ல, பட்டினி டயட் இருப்பவர்களுக்கும், தினமும் வாக்கிங் மட்டும் போகிறவர்களுக்கும் சேர்த்துதான் தேவைப்படுகிறது.

மெஷினுக்குத் தெரியாத கணக்கு

எடை மெஷினுக்குக் கொழுப்பும் ஒன்றுதான், தசையும் ஒன்றுதான், காலையில் குடித்த தண்ணீரும் ஒன்றுதான். நம் உடம்புக்கோ அப்படியில்லை.

செமாக்ளூடைடைப் பற்றி 2021-ல் வெளியான `ஸ்டெப் 1' ஆய்வில் 1,961 பேர் பங்கேற்றார்கள். 68 வாரங்களில் ஊசி போட்டவர்களின் எடை சராசரியாக 14.9 சதவிகிதம் குறைந்தது. ஆய்வில் பங்கேற்றவர்களில் 140 பேருக்கு மட்டும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து, குறைந்தது எது என்று பார்த்தார்கள். கொழுப்புதான் அதிகம் குறைந்திருந்தது. ஆனால், குறைந்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கொழுப்பு அல்லாத நிறை. மௌன்ஜாரோவில் இருக்கும் டிர்ஸெபடைடு ஆய்வில் இது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். `கொழுப்பு அல்லாத நிறை' என்றால் முழுக்கத் தசை என்று அர்த்தமில்லை. அதில் தண்ணீரும் உள்ளுறுப்புகளும் அடக்கம். தவிர, எந்த வழியில் எடை குறைத்தாலும் கொஞ்சம் தசை போகத்தான் செய்யும். கொழுப்பு அதிகமாகக் கரைந்ததால், இவர்களின் உடம்பில் கொழுப்பின் விகிதம் முன்பைவிடக் குறைந்தே இருந்தது. எனவே, `ஊசி தசையைத் தின்னுடும்' என்று பயமுறுத்துவதும் சரியில்லை.

சிக்கல் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. அதே ஆய்வில் மருந்தை நிறுத்தியவர்களை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது. இப்படித் திரும்பி வரும் எடையில் பெரும்பகுதி கொழுப்பாக வருவதுதான் வழக்கம். போன தசை தானாக வராது, வேலை கொடுத்தால்தான் வரும். அப்படியென்றால், பத்து கிலோ குறைத்து ஏழு கிலோ ஏற்றிக்கொண்ட ஒருவர் மெஷினில் மூன்று கிலோ லாபம் பார்த்தாலும், உடம்புக்குள் நஷ்டக் கணக்கில் இருக்கலாம். விலை குறைவதால் பலர் ஊசியைத் தொடங்குவார்கள். கையில் காசு இல்லாத மாதம் பலர் நிறுத்தவும் செய்வார்கள். கவலை அங்கேதான்.

நமக்கு மட்டும் ஏன் கூடுதல் கவலை?

இந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களின் சராசரி எடை 100 கிலோவுக்கும் மேல். நம்ம ஊர்க் கதை வேறு. கை, கால் ஒல்லியாக இருக்கும். வயிறு மட்டும் முன்னால் நிற்கும். சட்டை சைஸ் மாறாது, பேன்ட் சைஸ் மட்டும் ஏறிக்கொண்டே போகும். இதை மருத்துவ உலகம் `ஒல்லியான குண்டு இந்தியர்' என்றே பேசுகிறது. புனே கே.இ.எம் மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக், பிரிட்டனைச் சேர்ந்த பேராசிரியர் யுட்கின் இருவரும் 2004-ல் `லான்செட்' இதழில் தங்கள் இரண்டு பேரின் படத்தையே போட்டு இதை விளக்கினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ ஒன்றுதான், 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவிகிதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவிகிதம்.

இதனால்தான் மேலை நாடுகளில் 25 பி.எம்.ஐ-க்கு மேல் `அதிக எடை' என்றால், நமக்கு 23-லேயே அந்தக் கோட்டைப் போடுகிறார்கள். தசை குறைவு என்பது வெறும் அழகுப் பிரச்னை இல்லை. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவில் வாங்கிக்கொள்ளும் கிடங்கு தசைதான். கிடங்கு சின்னதாக இருந்தால் சரக்கு வெளியில்தான் நிற்கும். சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரைநோய் என்றது. தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அதிக எடையுள்ள பெண்கள் 2015-16-ல் 30.9 சதவிகிதம், 2019-21-ல் 40.4 சதவிகிதம். ஐந்தே வருடங்களில் இவ்வளவு ஏற்றம்.

ஏற்கெனவே குறைவான தசையோடு இருப்பவர், இருப்பதிலும் கொஞ்சத்தை இழந்தால் மிஞ்சுவது என்ன? முப்பது, நாற்பது வயதில் இது தெரியாது. அறுபதைத் தாண்டி, தரையிலிருந்து எழ ஆள் தேடும்போதுதான் தெரியும்.

தட்டில் என்ன இருக்கு?

ஒரு சாதாரண நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலையில் நாலு இட்லி, சாம்பார்: 12 கிராம் புரோட்டீன். மதியம் சாதம், சாம்பார், ஒரு பொரியல், கொஞ்சம் மோர்: 15 கிராம். மாலையில் டீ, ரெண்டு பிஸ்கட்: 3 கிராம். ராத்திரி மூணு தோசை, சட்னி: 10 கிராம். மொத்தம் ஏறக்குறைய 40 கிராம்தான் வருகிறது. வயிறு ரொம்பியிருக்கும், தசைக்கு மட்டும் பத்தியம்!

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரோட்டீன் என்கிறது ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 70 கிலோ எடை என்றால் 58 கிராம். எடையைக் குறைத்துக்கொண்டே தசையைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு இதுவும் போதாது. கிலோவுக்கு 1.2-லிருந்து 1.6 கிராம் வரை தேவை என்பதுதான் விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு.

ஊசி போடுபவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். மருந்தே பசியைக் குறைத்துத்தான் வேலை செய்கிறது. இரண்டு இட்லியோடு கையைக் கழுவிவிடுகிறார்கள். ஏற்கெனவே 40 கிராமாக இருந்தது 25-க்கு இறங்கினால், உடம்பு தசையில்தான் கைவைக்கும்.

இதைச் சரிசெய்ய இறக்குமதி டப்பா எல்லாம் தேவையில்லைங்க. காலையில் ரெண்டு முட்டை சேர்த்தால் 12 கிராம். மதியம் 100 கிராம் மத்தி மீனோ கோழிக்கறியோ இருந்தால் 20 கிராம். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 10 கிராம். இப்போ மொத்தம் 80-ஐத் தாண்டிவிட்டது. சைவம் என்றால் 30 கிராம் மீல்மேக்கரில் 15 கிராம் இருக்கிறது, 50 கிராம் பனீரில் 9 கிராம், ஒரு கப் தயிரில் 6 கிராம். இதைச் சேர்க்கும்போது சாதத்தில் ஒரு கரண்டியும், தோசையில் ஒன்றும் குறைய வேண்டும். இல்லையென்றால் கலோரிதான் ஏறும்.

சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரோட்டீன் அளவைக் கூட்டக் கூடாது. பல வருடங்களாகச் சர்க்கரைநோய் இருப்பவர்கள் முதலில் கிரியேட்டினின் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

வாக்கிங் போறேனே, போதாதா?

இதயத்துக்கு வாக்கிங் நல்லது. தசையைக் காப்பாற்ற அது மட்டும் போதாது. 65 வயதைத் தாண்டிய, உடல் பருமனுள்ள 160 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. பயிற்சி செய்த மூன்று குழுக்களுக்கும் டயட் உண்டு. ஒரு குழு நடை போன்ற ஏரோபிக் பயிற்சி, ஒரு குழு எடைப்பயிற்சி, இன்னொரு குழு இரண்டும். மூன்று குழுவினருக்கும் எடை ஏறக்குறைய ஒரே அளவில், 9 சதவிகிதம் குறைந்தது. ஆனால் கொழுப்பு அல்லாத நிறை ஏரோபிக் குழுவில் 5 சதவிகிதம் போனது, எடைப்பயிற்சிக் குழுவில் 2 சதவிகிதம்தான் போனது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 3 சதவிகிதம். அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் அதிகமாகக் கூடியதும் இவர்களுக்குத்தான்.

உணவும் எடைப்பயிற்சியும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு சாட்சி. 40 இளைஞர்கள், நான்கு வாரம், கடுமையான பயிற்சி, தேவையைவிட 40 சதவிகிதம் குறைந்த கலோரி. கிலோவுக்கு 2.4 கிராம் புரோட்டீன் சாப்பிட்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்தார்கள், கூடவே 1.2 கிலோ தசை நிறையை ஏற்றினார்கள். 1.2 கிராம் சாப்பிட்டவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்தார்கள். தசை அப்படியே நின்றது. இது இளைஞர்களுக்கான கடும் பயிற்சி, எல்லோரும் பின்பற்றுவதற்கில்லை. ஆனால் கொழுப்பு இறங்கும்போதே தசை ஏறவும் முடியும் என்பதைக் காட்டிவிட்டது.

`இந்த வயசுல வெயிட்டா?' என்பவர்களுக்கு 1990-ல் வெளியான ஆய்வைச் சொல்லலாம். சராசரி வயது 90. முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேர் எட்டு வாரம் எடைப்பயிற்சி செய்தார்கள். கால் தசையின் பலம் சராசரியாக 174 சதவிகிதம் கூடியது. `வெயிட் தூக்கினா ஆம்பளை மாதிரி ஆயிடுவேன்' என்று தயங்கும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த மாதிரி உடம்பு வரத் தேவையான டெஸ்டோஸ்டிரோன், ஆண்களைவிடப் பல மடங்கு குறைவாகத்தான் உங்களிடம் இருக்கிறது. எலும்பு பலம்தான் கூடும். மெனோபாஸுக்குப் பிறகு அதன் அருமை தெரியும்.

எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜிம்மில்தான் செய்ய வேண்டும் என்றில்லை. நம் தேகப்பயிற்சி சாலைகளில் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் எப்போதோ இருந்தவைதான்.

* நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பழகியதும் பஸ்கி
* சுவரில் கைவைத்துத் தள்ளுவது, பிறகு தரையில் தண்டால்
* தண்ணீர் நிரப்பிய பாட்டிலையோ டம்பெல்லையோ குனிந்து இடுப்பு நோக்கி இழுப்பது
* முதுகை வளைக்காமல் தரையிலிருந்து எடையைத் தூக்குவது
* இரண்டு கைகளிலும் கனமான பையைப் பிடித்து நடப்பது

ஒவ்வொன்றும் 8-லிருந்து 12 முறை, இரண்டு அல்லது மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். அது சுலபமான நாளில் எடையைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். மாதக்கணக்கில் அதே ரெண்டு கிலோ டம்பெல்லைத் தூக்கினால் உடம்பும் அங்கேயே நின்றுவிடும். ரத்த அழுத்தம், இதயப் பிரச்னை, மூட்டுவலி இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். ஜிம்மில் சேர்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கான ஜி.எஸ்.டி 18-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கட்டணத்திலும் அது குறைந்ததா என்று ரசீதைப் பாருங்கள்.

அளப்பதற்கும் வேறு அளவுகோல் வேண்டும். ஜிம்மில் காலை வைத்து நிற்கும் மெஷின் காட்டும் கொழுப்பு சதவிகிதம், அன்று குடித்த தண்ணீரைப் பொறுத்தே மாறும். அதைவிட ஒரு டெய்லர் டேப் நம்பகமானது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பலத்துக்கு ஒரு நாற்காலி போதும். கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். முதியவர்களுக்கு 12 விநாடிக்கு மேல் ஆனால், தசை பலம் குறைகிறது என்பதற்கான அறிகுறியாக ஆசிய மருத்துவர்கள் குழு இதை வைத்திருக்கிறது.

அரசின் பங்கு

எண்ணெயை 10 சதவிகிதம் குறைக்கச் சொல்லி 2025 பிப்ரவரியில் பிரதமர் மோடி `மனதின் குரல்' நிகழ்ச்சியில் கேட்டுக்கொண்டார். நல்லதுதான். ஆனால், இந்தியர்களின் உணவில் 62 சதவிகிதம் கலோரி மாவுச்சத்திலிருந்தும் 12 சதவிகிதம் மட்டுமே புரோட்டீனிலிருந்தும் வருவதாக அதே ஆண்டு வெளியான ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் ஆய்வு சொன்னது. தமிழ்நாட்டில் பள்ளிக் குழந்தைக்குச் சத்துணவில் முட்டை கிடைக்கிறது. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு மானிய விலையில் ஒரு கிலோ. நான்கு பேர் இருக்கும் வீட்டில் அந்தப் பருப்பு எத்தனை நாள் வரும்? ஊசியின் விலை குறைவதைப் பற்றி நடக்கும் விவாதத்தில் பாதியாவது, முட்டை, பருப்பு, கடலையின் விலையைப் பற்றி நடக்க வேண்டும்.

ஊசி தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது வரம்தான். போடுவதற்கு முன் டாக்டரிடம் மூன்று கேள்விகளை மட்டும் கேட்டுவிடுங்கள். நான் தினமும் எவ்வளவு புரோட்டீன் சாப்பிடணும்? என்ன எடைப்பயிற்சி செய்யணும்? நிறுத்தும்போது எப்படி நிறுத்தணும்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் மருந்துச் சீட்டு மட்டும் கைக்கு வந்தால், வேறு டாக்டரைப் பார்ப்பதில் தப்பே இல்லை.