கொடுக்கிறவர்தான் மணமகன்

பிரெஞ்சு மொழியில் 'அலியான்ஸ்' என்று ஒரு சொல் உண்டு. புதுச்சேரிக்காரர்களைக் கேட்டால், பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் இடம் என்பார்கள். ஆனால் கல்யாண மோதிரத்துக்கும் பிரெஞ்சில் அதுதான் பெயர். விவிலியத்தில் கடவுள் தம் மக்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைக்கும் அதே பெயர்தான். பிரெஞ்சு வழியில் படித்ததாலோ என்னவோ, உடன்படிக்கை என்றால் எனக்குப் பத்திரமும் முத்திரையும் நினைவுக்கு வருவதில்லை, மோதிரம்தான் வருகிறது.

கடவுளை மணமகனாகவும் அடியாரை மணமகளாகவும் காண்பது நம் மண்ணுக்கும் புதிதல்ல. ஆண்டாள் பாடியது அதைத்தான். நம் ஊரில் பத்தாண்டு வாழ்ந்த பாரதியும் கண்ணனைக் காதலனாக்கிப் பாடினார். கிறிஸ்தவ மரபில் இதற்கு ஊற்று 'இனிமைமிகு பாடல்' என்னும் சிறு நூல். 12ஆம் நூற்றாண்டில் பிரான்சின் புனித பெர்னார் அதற்கு 86 மறையுரைகள் எழுதினார். மொத்தம் எட்டே அதிகாரங்கள். மூன்றாவதன் தொடக்கத்துக்கு வருவதற்குள் அவர் ஆயுள் முடிந்துவிட்டது.

என் மனத்தைத் தொட்டது அந்த இனிப்பான நூலைவிட, ஓசேயா இறைவாக்கினரின் கசப்பான கதை. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். மனைவி துரோகம் செய்து விலகிப் போய்விட்டாள். "அவளை மறுபடியும் நேசி" என்கிறார் கடவுள். ஓசேயா 15 வெள்ளிக்காசும் வாற்கோதுமையும் கொடுத்து அவளை மீட்டுக்கொள்கிறார். தம்மை மறந்த மக்களைத் தாம் நேசிப்பதும் இப்படித்தான் என்று கடவுள் உணர்த்துகிறார்.

இதில் யார் கையிலிருந்து பணம் போகிறது என்று கவனியுங்கள். யாக்கோபு ராகேலுக்காக ஏழு ஆண்டு உழைத்தார். ஏமாற்றப்பட்டபின் மேலும் ஏழு ஆண்டு உழைத்தார். கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கொடுத்தார் என்கிறார் பவுல். திருவெளிப்பாட்டில் மணமகள் உடுத்தும் மெல்லிய ஆடைகூட அவளுக்குக் கொடுக்கப்பட்டதுதான். இந்த மணமகன் பெண் வீட்டிடம் எதையும் கேட்கவில்லை.

நம் வீடுகளில்? முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பார்கள். மற்றதெல்லாம் எதிர்த்திசையில் வரும். நான் எழுத்தராக இருந்த காலத்தில் ஜி.பி.எஃப். முன்பணம் கேட்டு வந்த விண்ணப்பங்களில் 'மகள் திருமணம்' என்று காரணம் எழுதியவைதான் அதிகம். மகன் திருமணத்துக்குக் கேட்டவர்கள் மிகக் குறைவு. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகும் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல.

திருமணத் திருப்பலியில் எபேசியர் திருமுகம் 5ஆம் அதிகாரத்தை வாசிப்பார்கள். மனைவி பணிந்திருக்க வேண்டும் என்ற வரி பலருக்கு மனப்பாடம். கிறிஸ்து செய்ததுபோல் கணவன் தன்னையே கொடுக்கவேண்டும் என்று மூன்று வசனம் தள்ளி வருவது யார் காதிலும் விழுவதில்லை. உவமையின் பாரம் முழுவதும் மணமகன் தோளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

நண்பர்களே, நாமெல்லாம் பேரனுக்குப் பெண் பார்க்கும் வயதில் இருக்கிறோம். நிச்சயதார்த்தப் பேச்சில் பெரியவர் என்று நம்மைத்தான் முன்னால் உட்கார வைக்கிறார்கள். "எத்தனை சவரன்?" என்ற பேச்சு எழும்போது, "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், பெண்ணை மட்டும் கொடுங்கள்" என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு. கடவுளின் அன்பைப் பற்றி நாம் தரக்கூடிய நல்ல மறையுரை அதுதான். அதற்கு 86 தேவையில்லை, ஒன்று போதும்.