டிரங்கிங் உரையாடல்களைக் கேட்க வாக்கி-டாக்கி கூடாது: சங்கத்தின் நிலைப்பாடு

அமெரிக்காவில் காவல், தீயணைப்புத் துறைகளின் உரையாடல்களை ஸ்கேனரில் கேட்பது நெடுநாள் பழக்கம். மறையாக்கம் செய்யப்படாமல் பொதுமக்களுக்கு எளிதில் எட்டும் இவ்வுரையாடல்களைக் கேட்க 1986ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல் தொடர்பு அந்தரங்கச் சட்டமும் இடம் தருகிறது. அந்த உரிமையைச் சங்கம் உறுதியாக ஆதரிக்கிறது. ஆனால் டிரங்கிங் அமைப்பொன்றைக் கேட்பதற்காக, அதை நடத்துவோரின் அனுமதியின்றி வாக்கி-டாக்கியை நிரல்படுத்துவதை எதிர்க்கிறது.

டிரங்கிங் என்பது, துறைக்கொரு அலைவரிசை என்று ஒதுக்காமல், சில அலைவரிசைகளை அனைவரும் பகிர்ந்துகொள்ள, எந்த உரையாடல் எதில் செல்ல வேண்டும் என்பதைக் கணினி அவ்வப்போது முடிவு செய்யும் முறையாகும். அம்முடிவுகள் கட்டுப்பாட்டு அலைவரிசையில், பி25 என்னும் டிஜிட்டல் வானொலித் தரத்தில் நொடிக்கு 9,600 பிட் வேகத்தில், இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும். ஸ்கேனர் அவற்றைப் படித்துப் பின்தொடர்வதோடு சரி. வாக்கி-டாக்கியோ, குமிழைத் திருகி உயிர்ப்பித்த சில நொடிகளில், பேசும் பொத்தானை எவரும் தொடாதபோதும், தன் அடையாள எண்ணையும் தான் சேர விரும்பும் பேச்சுக்குழுவையும் (ஒரே பணியில் இருப்போர் பேசிக்கொள்ளும் வட்டம்) கோபுரத்துக்குத் தானே அனுப்பிப் பதிந்துகொள்கிறது. பொத்தானை அழுத்தாதவரை ஆபத்தில்லை என்ற நம்பிக்கை இங்கேதான் பொய்க்கிறது.

அந்த அடையாள எண் பணியிலுள்ள ஒரு காவலருடையதாக அமைந்துவிட்டால், அவர் வேறொரு கோபுரத்தின் எல்லைக்குப் போய்விட்டதாகக் கணினி கருதக்கூடும். அவர் உண்மையில் நிற்கும் இடத்தில் அப்பேச்சுக்குழுவில் வேறெவரும் பதிந்திராவிட்டால், உதவி கேட்டு எழும் குரல் அவரை எட்டாமலே போகலாம். எண் எவருடையதாகவும் இல்லாவிட்டாலும் தீங்கு உண்டு: தேவையற்ற கோபுரத்துக்கு உரையாடல் இழுக்கப்பட்டு, அங்குள்ள சில அலைவரிசைகளில் ஒன்று வீணாகிறது. கைதவறி அவசரப் பொத்தான் அழுந்தினால் விளைவைச் சொல்லவே வேண்டியதில்லை. உரிமமின்றி அலை அனுப்புவதை 1934ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டத்தின் 301ஆம் பிரிவு தடை செய்கிறது. அமைப்பை நடத்துவோர் அந்தக் கருவியைத் தொலைவிலிருந்தே முடக்கிவிடவும் முடியும்.

இவ்வழியை நாடுவோரின் இக்கட்டும் சங்கத்துக்குத் தெரியும். பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்பும் அமைப்புகளில் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், பழைய ஸ்கேனர்களில் குரல் சிதைந்து கேட்கிறது. வாக்கி-டாக்கியில் தெளிவாகக் கேட்கிறது. இக்குறைக்கென்றே 2018இல் வந்த யூனிடன் எஸ்டிஎஸ்100 ஸ்கேனரும், பெறுவதற்கு மட்டுமேயான பேஜர்களும், கணினியில் செருகும் மென்பொருள் வானொலிகளும் இன்று கிடைக்கின்றன. அனுப்பும் சுற்றே இல்லாத இக்கருவிகளையே சங்கம் பரிந்துரைக்கிறது.

ஏற்கெனவே வாக்கி-டாக்கியை நிரல்படுத்தியிருப்போர் அந்நிரலை உடனே அழித்துவிட வேண்டும். அனுப்பும் திறனைக் குறைத்து வைப்பது தீர்வாகாது. கோபுரம் அருகிலிருந்தால் குறைந்த திறனிலும் பதிவு நடந்தேவிடும்.